சுழற்றினாலும் மாறாதவை

க்ஷேத்திர கணிதம் என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். அவர்களைத் தூத்துக்குடிக் கடற்கரைக்கு அழைத்துச் செல்வதே நல்ல மருந்து என்று நமக்குத் தோன்றுகிறது. 'சுழல் சமச்சீர்' என்று பாடப் புத்தகம் பயமுறுத்தும் விஷயம் அங்கே கண்ணெதிரே கிடக்கிறது.

ஓர் உருவத்தை அதன் நடுவைப் பற்றிச் சுழற்றுகிறோம். முழுச் சுற்று முடியுமுன்பே அது முன்னிருந்தபடியே தோன்றுமானால், அதற்குச் சுழல் சமச்சீர் உண்டு. மன்னார் வளைகுடாவின் ஐந்து கை நட்சத்திர மீன் 72 பாகைக்கு ஒரு முறை அப்படித் தோன்றும். நமது தேசியக் கொடியின் சக்கரத்துக்கு 24 ஆரங்கள். ஆகவே 15 பாகை திருப்பினாலே போதும்.

ஆணிமுத்தோ எப்பக்கம் எவ்வளவு உருட்டினும் ஒன்றுபோலவே இருக்கும். அதன் மதிப்பில் பெரும்பகுதி இந்த உருட்சிதான். சிப்பிக்குள் வளரும்போதே முத்து மெல்லச் சுழல்கிறது என்று 2013-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி விளக்கிற்று. நிலையான அச்சின்றிப் பல திசையிலும் சுழன்றது உருண்டையாகும். ஒரே அச்சில் சுழன்றது துளி வடிவமோ, வளையக் கோடுகளோ பெறும்.

இனிச் சங்குக்கு வருவோம். இங்கேதான் பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள். இடம்புரிச் சங்கை ஆயிரம் முறை சுழற்றினாலும் அது வலம்புரி ஆகாது. கண்ணாடி முன் வைத்தால் மட்டுமே வலம்புரியாகத் தெரியும். சுழற்சி வேறு, பிரதிபிம்பம் வேறு.

இது வெறும் ஏட்டுப் பேதமன்று. கப்பலை உந்தும் சுழல்விசிறியைப் பாருங்கள். நான்கு இதழ் விசிறி 90 பாகைக்கு ஒரு முறை தன்னோடு பொருந்தும். ஆனால் அதன் கண்ணாடி உருவத்தை வார்த்து அதே இயந்திரத்தில் பொருத்தினால், முன்னே செல்லவேண்டிய கப்பல் பின்னே செல்லும்! 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ. உ. சிதம்பரம் பிள்ளையின் ஊரில் வளரும் பிள்ளைகள் இதனை அறியாதிருக்கலாமா?

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக் காலை வாசலில் இடும் கோலத்தைக் காகிதத்தில் இருமுறை வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவில் குண்டூசி குத்திக் குழந்தையிடம் கொடுங்கள். மேற்காகிதத்தைத் திருப்பித் திருப்பி அது எண்ணட்டும். பிறகு கண்ணாடியைக் காட்டுங்கள். கணக்கு கசக்காது.