கலப்புத் தமிழில் கதை எழுதலாமா?

அண்மையில் பேத்தமங்களா ஏரிக்கரையில் ஒரு கல்லூரி மாணவி என்னிடம் கேட்டார்: "அண்ணா, வீட்ல பேசுறது தமிழ், படிச்சது கன்னடத்துல. எங்க தமிழ்ல தெலுங்கும் இங்கிலீஷும் கலந்து கிடக்கு. இத வெச்சுக்கிட்டு நான் கதை எழுத முடியுமா?"

அன்று நான் தந்த பதில் அரைகுறையானது. மொழியியல் பயின்றவன் என்ற முறையில் முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன். கோலார் தங்கவயலில் இதே தயக்கத்துடன் பலர் இருக்கிறார்கள்.

முதலில் 'கலப்பு' பற்றி. 'ஷிஃப்டுக்குப் போனார்' என்னும் தொடரில் பெயர்ச்சொல் ஆங்கிலம். வேற்றுமை உருபும் வினையும் தமிழ். தொடரின் எலும்புக்கூடு சிதையவில்லை. அச்சொல் இங்கு வந்ததற்கும் காரணம் உண்டு. ஆங்கிலேய நிறுவனம் சுரங்கத்தை நடத்தியது. வட ஆர்க்காட்டுத் தமிழரும் தெலுங்கரும் உள்ளே இறங்கி உழைத்தார்கள். சுற்றியிருந்தது கன்னட நாடு. யார் ஏவினார், யார் உழைத்தார் என்ற வரலாறு அந்தப் பேச்சிலேயே பதிந்துள்ளது. பாத்திரத்தின் வாயில் செந்தமிழைத் திணித்தால் அந்த வரலாறுதான் முதலில் அழியும்.

அடுத்தது எழுத்து. தமிழ் பேசத் தெரியும், எழுத வராது என்பது இங்கே பலரின் நிலை. எழுத்துரு வேறு, மொழி வேறு. முதல் படியைக் கன்னட எழுத்திலேயே எழுதுங்கள். அல்லது கைப்பேசியில் சொல்லிப் பதிவுசெய்யுங்கள். தமிழ் எழுத்துக்கு மாற்றுவதைப் பின்னர் செய்யலாம். கி. ராஜநாராயணன் பள்ளிப்படிப்பை முடிக்காதவர். முப்பது வயதைக் கடந்த பின்னரே கதை எழுத வந்தார். கரிசல் மக்களின் பேச்சை எழுத்தாக்கி, அவ்வழக்குக்கு அகராதியும் தொகுத்தார். பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது.

தங்கவயலும் எழுத்துக்குப் புதிய இடமன்று. அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் இங்கே வேரூன்றியது. அவருடைய நூல்களை இவ்வூரின் சித்தார்த்தா புத்தகசாலை வெளியிட்டது. சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நடுவே தமிழ் நூல்கள் பிறந்திருக்கின்றன.

எதை எழுதுவது? 1880 முதல் 2001 வரையிலான முழு வரலாற்றையும் முதல் கதையிலேயே சொல்ல முயலாதீர்கள். பொன்னைத் திரைப்படங்கள் பார்த்துக்கொள்ளும். சுரங்கம் மூடப்பட்ட 2001 பிப்ரவரி 28-க்கு மறுநாள் ஒரு வீட்டில் அடுப்பு எப்போது எரிந்தது, யார் முதலில் பேசினார் என்பதை எழுதுங்கள். மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் பெங்களூருக்கு ரயிலேறும் ஒருவரின் சாப்பாட்டு டப்பாவை எழுதுங்கள். பேத்தமங்களாவின் பாலாற்று நீர் குழாய்வழியே தங்கவயலுக்குச் சென்றது. அதே பாலாறுதான் கீழே, சுரங்கத்துக்கு ஆள் வந்த வட ஆர்க்காட்டுக்கும் போகிறது. இந்த ஆற்றை வைத்தே ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையைச் சொல்லலாம். ஆனால் ஒரு கதைக்கு ஒரு நாள், ஒரு வீடு, ஒரு சிக்கல் போதும்.

என்னைப் போன்ற ஆய்வாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை: களக்குறிப்பு கதையன்று. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரில் சென்று பழகி, அதன்பின் 'கரிப்பு மணிகள்' எழுதினார். தகவல் திரட்டுவது அவசியம். திரட்டிய அனைத்தையும் கதையில் கொட்டுவது அவசியமன்று. சிலிகோசிஸ் பற்றிய விளக்கத்தைவிட, மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கும் தாத்தா வாசகருக்கு அதிகம் சொல்வார். அந்தத் தாத்தா உண்மையானவர் என்றால் அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். பெயரையும் அடையாளத்தையும் மாற்றுங்கள்.

தாமதத்துக்கு இடமில்லை. சுரங்கத்தில் கடைசியாக இறங்கிய இளைஞர்களுக்கே இன்று நாற்பத்தைந்துக்கு மேல் ஆகிறது. அவர்களுக்கு மூத்தவர்களை நாம் ஒவ்வொருவராக இழந்துகொண்டிருக்கிறோம். அவர்களோடு அவர்களின் சொற்களும் போகின்றன. ஆய்வேடு சில சொற்களைப் பட்டியலாகக் காப்பாற்றும். அச்சொற்களைச் சொன்னவர்களின் கோபத்தையும் கேலியையும் கதைதான் காப்பாற்றும்.

ஆகவே, தங்கையே, எழுதுங்கள். ஐந்து பக்கம் போதும். எழுத்துப் பிழைகளை நான் திருத்தித் தருகிறேன். உங்கள் வீட்டுச் சொற்களில் கை வைக்க மாட்டேன்.