உருக்கை மறந்தோம், உலகை இழந்தோம்!



நம் பிள்ளைகள் கற்கும் உலக வரலாற்றில், 1500-ஐ அடுத்த முந்நூறு ஆண்டுகளும் மேலையர்க்கே உரிய காலமாக வரையப்பெறுகின்றன. 1498-இல் வாசுகோடகாமா கோழிக்கோட்டை அடைந்து 'வழி கண்டான்' என்று சொல்லிக் கொடுக்கின்றோம். வழி கண்டு வந்தவர்கள் எப்பொருளை வாங்கிச் சென்றனர், அதனை ஆக்கிய கைகள் யாருடையவை என்று கேட்கக் கற்பித்தோமா?

அக் கேள்வியை ஆத்தூரில் நின்று கேட்போம். இவ்வூர்க் கோட்டையை அடுத்து, வசிட்டாறு என வடசொற் பெயர் பூண்டு ஓடும் ஆறு, கிழக்கே சென்று வெள்ளாறாகிப் பறங்கிப்பேட்டையருகே கடலை அடைகின்றது. போர்த்துக்கேயரும், 17-ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தரும், பின்னர் ஆங்கிலரும் வாணிகம் நடத்திய துறை அது. ஆற்றின் கடைமுனையில் உலக வாணிகம்; தலைப்புறத்தில் நம் ஆத்தூர்; அதற்கும் மேற்கே, இரும்புக்கல் செறிந்த சேலத்துக் கஞ்சமலை!

இச் சேலத்துச் சீமையில் கொல்லர் உருக்கு ஆக்கிய முறையைக் காண்க. தேனிரும்புத் துண்டுகளை ஆவாரங்குச்சியோடு சிறு மட்கலத்தில் இட்டு, எருக்கிலை போன்ற பச்சிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைப்பர். அத்தகைய கலங்கள் பலவற்றை உலையில் அடுக்கிக் கரியிட்டுத் துருத்தி ஊதுவர். ஏறத்தாழ இரண்டரை மணியில் இரும்பு உருகி உருக்காகிவிடும். காற்றுப் புகாத கலத்துள், குச்சியும் இலையும் தரும் கரியை இரும்பு ஏற்பதே இதன் நுட்பம்.

தென்னாட்டு உருக்கு பாரசீகம் வரை சென்றது. தமாசுகசு வாள் என்று உலகம் வியந்த வாளுக்கு அடிப்பொருள் இதுவே. சோழமண்டலக் கரையின் இரும்பையும் உருக்கையும் ஒல்லாந்தக் கும்பினி பத்தாவியாவிற்கு ஏற்றிச் சென்றது. 1795-இல் இலண்டன் அரசக் கழகத்தில் பியர்சன் என்பார் இதனை ஆராய்ந்து கட்டுரை படித்தார். 1819 முதல் 1822 வரை மைக்கேல் பாரடேயே இதன் மறைபொருள் தேடி உழைத்தார். அவர்கள் இதற்கு இட்ட பெயர் 'ஊட்சு'. கன்னடத்து 'உக்கு' என்பதன் சிதைவு அது என்பர். அவ் உக்கும் நம் உருக்கும் ஒருவேர்ச் சொற்களே.

பின் நடந்தது என்ன? 1792-இல் சீரங்கப்பட்டின உடன்படிக்கையால் சேலத்துச் சீமை ஆங்கிலக் கும்பினியின் கைக்குப் போயிற்று. சேலத்தில் கும்பினி அலுவலராயிருந்த ஈத் என்பார் நம் கொல்லரின் முறையை உற்றறிந்து எழுதினார். 1830-இல் பறங்கிப்பேட்டையில் இரும்பாலை கண்டார். 1839-இல் மாங்கனீசு சேர்த்து உருக்கு ஆக்கும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமையும் பெற்றார். மலிந்த ஆங்கில இரும்பு வந்து குவிய, நம் உலைகள் அவிந்தன.

அயலாரை மட்டும் பழித்தல் நேர்மையன்று. 1578-இலேயே கொல்லத்தில் தமிழ் அச்சேறிற்று. ஏறியது மறைநூல், கொல்லனின் தொழிலறிவு ஏறவில்லை. ஏன்? உலைமுன் நின்றவனுக்கு ஏடு எட்டாமற் செய்தோம். ஏடு கற்றவன் உலைப்பக்கம் திரும்பவில்லை. சாதி என்னும் சுவர் அறிவை இரண்டாகப் பிளந்தது. எழுதப்படாத அறிவு, எழுதி வைத்தவனின் உடைமையாயிற்று.

ஆயினும் சொல் இன்னும் சாகவில்லை. 1981-இல் இயங்கத் தொடங்கிய பேராலையை மக்கள் சேலம் உருக்காலை என்றே வழங்குகின்றனர். அப் பெயர்க்குள் இருக்கும் வரலாற்றை எத்தனை மாணாக்கர் அறிவர்?

ஆத்தூர் இளைஞரே! ஆசிரியரே! கொல்லுப்பட்டறைகள் முற்றும் மறையுமுன் அங்குச் செல்லுங்கள். உலை, துருத்தி, குறடு, சம்மட்டி என்று தொடங்கி, முதியோர் நாவில் வாழும் தொழிற்சொற்கள் அனைத்தையும் எழுதி வையுங்கள். அச் சொற்களைக் கொண்டே மாழையியலைத் தமிழிற் கற்பியுங்கள். உலக வரலாற்றை வெள்ளாற்றங்கரையிலிருந்து தொடங்குங்கள்.

முன்னோர் இரும்பை உருக்கினர். நாம் நம் அடிமை மனத்தை உருக்குவோம்!