நிதானத்துக்கு ஒரு பரீட்சை

பெரிய மோட்டார் சைக்கிள்களைப் பற்றி நம் நாட்டில் நடக்கும் சம்பாஷணைகள் பெரும்பாலும் வேகத்தில் தொடங்கி வேகத்திலேயே முடிகின்றன. எத்தனை விநாடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டும், நெடுஞ்சாலையில் எவ்வளவு தூரம் வேகமானியின் முள்ளைத் தள்ளலாம் என்பவையே விற்பவருக்கும் வாங்குபவருக்கும் பிரதானமான கேள்விகள். ஆனால் க்ரூஸர் என்று வழங்கும் நீண்டு தாழ்ந்த கனத்த வண்டியொன்றைச் சொந்தமாக வாங்கி, ஹைதராபாத்தின் கொண்டாப்பூரைப் போல எந்நேரமும் நெரிசல் மண்டிய பேட்டையில் அதை ஓட்டிப் பழகும் எவருக்கும் முதல் சில வாரங்களிலேயே புலப்படுகிற உண்மை வேறு. அந்த யந்திரத்தை வேகமாக ஓட்டுவது எளிது. மெதுவாக ஓட்டுவதே கடினம். இந்த எளிய உண்மையை நம்முடைய சட்டம் இன்னும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பதும், எடுத்துக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

நான் வாங்கியது ராயல் என்ஃபீல்டின் சூப்பர் மீட்டியார் 650. 2022 நவம்பரில் இத்தாலியின் மிலான் நகரக் கண்காட்சியில் முதன்முதலாக உலகத்தார் கண்ணில் பட்டு, 2023 ஜனவரியில் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த வண்டி அது. தெலங்கானாவில் குடியிருக்கும் தமிழனுக்கு அதன்மேல் ஒரு தனி வாஞ்சை உண்டாவது இயல்பே. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனி 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தோற்றுவித்ததும், ராணுவம் விரும்பிய புல்லட் வண்டிகள் திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கியதும், தாயகமான இங்கிலாந்தில் 1970-ஆம் ஆண்டோடு உற்பத்தி அஸ்தமித்த பிறகும் வங்கக் கடற்கரையில் அது ஓயாமல் நடந்ததும், 1994-இல் ஐஷர் நிறுவனத்தின் கைக்கு வந்து பின்னர் ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் அது விரிந்து பரவியதும் தமிழ்நாட்டுத் தொழில் சரித்திரத்தின் பெருமைக்குரிய பக்கங்கள். அந்தப் பட்டறைகளில் கைதேர்ந்த தொழிலாளர்களின் உழைப்பு நம் கைப்பிடியின் கீழ்த் துடிக்கிறது என்ற நினைவு, வண்டியை மரியாதையுடன் நடத்தும்படி நம்மைத் தூண்டுகிறது.

க்ரூஸர் என்ற வடிவம் அமெரிக்காவின் நீண்ட நேர்ச்சாலைகளுக்கென்று பிறந்தது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தை அலுப்பில்லாமல் கடக்க வேண்டும் என்ற ஒரே பிரயோஜனத்தை முன்னிட்டு அதன் அங்கங்கள் அமைந்திருக்கின்றன. தரையிலிருந்து 740 மில்லிமீட்டர் உயரத்திலேயே இருக்கை அமைகிறது. கால்களை முன்னே நீட்டி வைத்துக்கொள்ளலாம். கைப்பிடிகள் பின்னோக்கி வளைந்து நம்மை நாடி வருகின்றன. முன்சக்கரம் வண்டியின் உடலைவிட்டு முன்தள்ளி நிற்க, இரு சக்கரங்களின் மையங்களுக்கும் இடையே சரியாக ஒன்றரை மீட்டர் இடைவெளி. இந்த நீளமும் முன்சக்கரக் கவையின் சாய்வும் நேர்ச்சாலையில் வண்டிக்கு அசைக்க முடியாத ஸ்திரத்தை அளிக்கின்றன. அதே நீளமும் சாய்வும் குறுகிய இடத்தில் திரும்பும்போது அதைப் பிடிவாதக்காரனாக்கிவிடுகின்றன. ஒரே குணமே ஓரிடத்தில் வரமாகவும் மற்றோரிடத்தில் சோதனையாகவும் அமைகிறது.

அந்தச் சோதனை வீட்டு வாசலிலேயே தொடங்குகிறது. எரிபொருளோடு சேர்த்து இவ்வண்டியின் எடை 241 கிலோ. நம் வீதிகளில் எங்கும் காணும் நூறு சிசி வண்டிகளைப் போல இருமடங்குக்கும் அதிகம். சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தும்போதே அந்தக் கனம் இடுப்பில் தெரிகிறது. கொண்டாப்பூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நிலத்தடி வாகனக் கூடத்திலிருந்து மேலேறும் சரிவுப்பாதையில், வளைவின் நடுவே எதிரே ஒரு கார் வந்து நின்றுவிட்டால், பாதிக் கிளச்சில் எஞ்சினை அடக்கிப் பிடித்து, பின் பிரேக்கை மெல்ல அழுத்தி, கண்ணைப் போக வேண்டிய திசையிலேயே நிறுத்தி வைக்காமல் வேறு வழியில்லை. கோத்தகூடா சந்திப்பின்மேல் 2023-ஆம் ஆண்டின் முதல் நாளில் திறக்கப்பட்ட மேம்பாலம் நெரிசலை ஓரளவு தணித்திருக்கிறது என்றாலும், அதன் கீழே ஆட்டோக்களும் உணவுப் பொட்டலம் கொண்டுசெல்லும் இளைஞர்களும் கம்பெனிப் பேருந்துகளும் பின்னிக் கிடக்க, நடைவேகத்தில் ஊர்ந்து யூ டர்ன் எடுக்க வேண்டிய கட்டாயம் நாள்தோறும் நேர்கிறது. வேகத்தில் தானாகவே நிமிர்ந்து நிற்கும் சுபாவமுள்ள இருசக்கர வண்டி, நடைவேகத்துக்கு இறங்கியதும் அந்தச் சுபாவத்தை இழந்துவிடுகிறது; அதன் சமநிலை முழுவதும் ஓட்டுபவனின் பொறுப்பாகிவிடுகிறது. கோவில் தேரை நேர்வீதியில் ஊரே கூடி இழுத்துவிடும். மாடவீதி முனையில் அதைத் திருப்பும் வேளையில்தான், முட்டுக்கட்டையைக் காலமறிந்து இடம் பார்த்துப் போடுகிறவனின் சாமர்த்தியம் வெளிப்படுகிறது. கனத்த மோட்டார் சைக்கிளின் நிலையும் அதுவே.

சிறிய வண்டியில் நாம் வாழ்நாள் முழுவதும் சேர்த்துக்கொண்ட பழக்கங்கள் இங்கே நமக்குத் துணை வருவதில்லை. தடுமாறினால் காலை ஊன்றித் தாங்கிக்கொள்ளலாம் என்பது நூறு கிலோவில் நிகழக்கூடியது. ஓர் எல்லைக்குமேல் சாய்ந்துவிட்ட 241 கிலோவை எந்த மனிதனின் காலும் நிமிர்த்தாது. கைப்பிடி திரும்பியிருக்கையில் முன் பிரேக்கைச் சடாரென்று பிடித்தால், சிறிய வண்டியில் வெறும் குலுக்கலோடு போவது இங்கே வண்டியைத் தரையில் கிடத்திவிடும். இவை எல்லாம் பயிற்சியால் படியக்கூடிய வித்தைகளே. காலியான மைதானத்தில் ஒரு வழிகாட்டியின் மேற்பார்வையில் சில நாட்கள் அப்பியாசம் செய்தால் எவரும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அப்படி ஒரு பயிற்சி அவசியம் என்று வண்டியை வாங்கும் மனிதனிடம் எந்த விதியும் சொல்வதில்லை.

நகரத்தின் எல்லையைத் தாண்டியதும் அதே யந்திரம் தன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. கச்சிபௌலியைக் கடந்து, 1908-ஆம் ஆண்டின் மூசி ஆற்று வெள்ளத்துக்குப் பின் நகரத்தைக் காக்கக் கட்டப்பட்ட கண்டிப்பேட்டை ஏரியை ஒட்டி மேற்கே போய், வெட்டாமல் காக்க வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம்வரை வழக்காடப்பட்ட செவெள்ளா சாலையின் முதிய ஆலமரங்களின் நிழலில் விகாராபாத் நோக்கிச் செல்லும்போது, இந்த வடிவம் எதற்காகப் பிறந்தது என்பது பிரத்தியட்சமாகிறது. 648 சிசி கொள்ளளவுள்ள இரட்டை சிலிண்டர் எஞ்சினின் 52.3 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் பெரும்பகுதி குறைந்த சுழற்சியிலேயே கிடைத்துவிடுவதால், கியரை அடிக்கடி மாற்ற வேண்டிய அவசியமில்லை, அவசரப்படவும் அவசியமில்லை. எழுபது எண்பது கிலோமீட்டர் வேகத்தில் அது தன் இயல்பான கதியை அடைந்து, வயல்களையும் பாறைக் குன்றுகளையும் நின்று பார்ப்பதுபோலப் பார்க்கவிடுகிறது. வளைவுகளில்கூட அது ஒரு பாடம் சொல்கிறது: வலப்புறம் போக வேண்டுமானால் வலக் கைப்பிடியை மெல்ல முன்னே அழுத்த வேண்டும், அழுத்தியவுடன் வண்டி வலப்புறம் சாய்ந்து வளைகிறது. சிறிய வண்டியில் அறியாமலே செய்துவந்த இந்தக் காரியத்தைக் கனத்த வண்டியில் அறிந்து செய்தாக வேண்டும். அறிந்து செய்யத் தொடங்கியதும் உண்டாகும் ஆனந்தம் வேகத்தால் வருகிற கிளர்ச்சியைவிட உயர்ந்தது, நீடித்தது.

இந்த ஆனந்தத்தை அறியாதவர்களே சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, இடிமுழக்கம் செய்யும் குழாயைப் பொருத்திக்கொண்டு, நள்ளிரவில் குடியிருப்புத் தெருக்களில் பறக்கிறார்கள். நோயாளிகளும் குழந்தைகளும் உறங்கும் வேளையில் எழும் அந்த ஓசை கம்பீரத்துக்கு அடையாளமாகாது. தயாரிப்பாளர் அமைத்த அமைப்பைக் குலைப்பது சட்டவிரோதமுமாகும்.

இனி சட்டத்துக்கு வருவோம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பத்தாவது பிரிவில், மோட்டார் சைக்கிள் உரிமங்களை இரண்டே வகையாகப் பிரிக்கிறது: கியர் இல்லாதது, கியர் உள்ளது. கியர் உள்ள நூறு சிசி வண்டியொன்றை எடுத்துச்சென்று, கால் ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்டிய பதினெட்டு வயது இளைஞன், உரிம அட்டை கைக்கு வந்த மறுகணமே, ஆயிரம் சிசிக்கு மேற்பட்ட வண்டியையும் சட்டப்படி ஓட்டிச் செல்லலாம். எடையின் வித்தியாசமோ, சக்தியின் வித்தியாசமோ எவராலும் கேட்கப்படுவதில்லை.

எஞ்சினின் அளவை நோக்கும் வழக்கமே நம் சட்டத்துக்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பதினாறு வயது நிரம்பியவர் 50 சிசிக்கு மேற்படாத வண்டியை ஓட்டலாம் என்று அதே சட்டத்தின் நான்காவது பிரிவு அனுமதிப்பதால், சக்திக்கேற்ப உரிமம் என்ற தத்துவத்தை அது முன்பே அங்கீகரித்திருக்கிறது. வரி விதிக்கும் இடத்தில் இந்தப் பாகுபாடு இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. 2025 செப்டம்பர் 22 முதல், 350 சிசி வரையுள்ள மோட்டார் சைக்கிள்களுக்குச் சரக்கு சேவை வரி 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதமாக உயர்ந்தது. 350 சிசிக்கு மேற்பட்டது தனி ஜாதி வண்டி என்று கருவூலம் நிர்ணயித்திருக்கும்போது, அந்த நிர்ணயம் உரிமம் வழங்கும் மேஜையில் மட்டும் மறைந்துபோவது நியாயமா? அத்தனை வரி செலுத்தி வாங்கும் குடிமகனுக்கு, அவன் உயிரைக் காக்கும் பயிற்சியை உறுதிசெய்வது அரசின் கடமையல்லவா?

பிற தேசங்கள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. நம்மவர்கள் பெருந்தொகையாக வாழும் சிங்கப்பூரில், 200 சிசி வரை ஒரு வகுப்பு, 400 வரை அடுத்த வகுப்பு, அதற்குமேல் மூன்றாவது வகுப்பு என்று உரிமம் படிப்படியாக உயர்கிறது. ஒரு படியில் ஓராண்டு நின்ற பிறகே அடுத்த படிக்குப் பயிலலாம். ஜப்பானில் 400 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத் தனி உரிமம். அதற்கான சோதனையில் ஓர் அம்சம் என் மனத்தை மிகவும் கவர்ந்தது. 30 சென்டிமீட்டர் அகலமும் 15 மீட்டர் நீளமும் கொண்ட ஒடுக்கமான மேடைமீது வண்டியை ஓட்டிச் செல்ல வேண்டும். பெரிய வண்டிக்காரர் அதைக் கடக்கப் பத்து விநாடியாவது எடுத்துக்கொள்ள வேண்டும். அதைவிட விரைவில் கடந்துவிட்டால் மதிப்பெண் குறைகிறது. வேகமாகப் போகத் தெரிந்தவனுக்கு மெதுவாகவும் போகத் தெரியுமா என்று ஒரு தேசம் கேட்டுப் பார்க்கிறது. அந்தக் கேள்வியில் உள்ள விவேகம் நாம் சுவீகரிக்கத்தக்கது.

இதற்கு ஆட்சேபங்கள் எழலாம். 2022-ஆம் ஆண்டில் நாட்டின் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டார்கள் என்றும், அவர்களில் 74,897 பேர் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள் என்றும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. நம் சாலைகளில் ஓடுபவை பெரும்பாலும் சிறிய வண்டிகளே ஆதலால், மாண்டவர்களிலும் பெரும்பாலோர் அவற்றில் சென்றவர்களாகவே இருக்க வேண்டும். அப்படியிருக்கப் பெரிய வண்டிக்காரர்களுக்கு மட்டும் தனிப் பரீட்சை எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. அதே ஆண்டில் ஹெல்மெட் அணியாததால் 50,029 பேர் உயிரிழந்தார்கள் என்று அந்த அறிக்கையே சொல்வதால், எல்லா வண்டிக்காரருக்கும் பொதுவான முதற்கடமை எது என்பதிலும் சந்தேகமில்லை. எனினும், சீர்திருத்தம் ஓரிடத்தில் தொடங்கியாக வேண்டும். தொகையில் குறைந்தவர்களும், வண்டிக்கு லட்சக்கணக்கில் செலவிட வல்லவர்களும், பயிற்சிக்கென்று சில நாட்களை ஒதுக்கச் சௌகரியமுள்ளவர்களுமான பெரிய வண்டிக்காரர்களிடம் அதைத் தொடங்குவதே எளிது; அங்கே வேரூன்றிய பிறகு எல்லோருக்கும் விரிவாக்கலாம். புதிய பரீட்சை தரகர்களுக்குப் புதிய வருமானமாகிவிடும் என்று அஞ்சுபவர்களும் உண்டு. சோதனை முழுவதையும் கேமராவில் பதிவு செய்து, மேடையைக் கடக்கும் நேரத்தைக் கருவியே அளந்து சொல்லுமாறு செய்துவிட்டால், அந்த அச்சம் பெருமளவு நீங்கும்.

என் வேண்டுகோள் இவ்வளவே. வரிச்சட்டம் ஏற்கெனவே வகுத்திருக்கும் 350 சிசி என்ற எல்லையை உரிமச் சட்டமும் ஏற்றுக்கொள்ளட்டும். அந்த எல்லையைத் தாண்ட விரும்புபவர் ஓராண்டு சாதாரண வண்டியை ஓட்டிய அனுபவத்தோடு, மெதுவாக ஓட்டுதல், ஒடுக்கமான இடத்தில் திருப்புதல், அவசரமாக நிறுத்துதல், சாய்ந்த வண்டியைத் தூக்கி நிறுத்துதல் ஆகிய நான்கிலும் தேர்ச்சி காட்டட்டும். பெரிய வண்டிகளிடமிருந்து பெறும் அதிக வரியில் ஒரு பங்கைக் கொண்டு மாவட்டத்துக்கொரு பயிற்சி மைதானத்தை அரசுகள் அமைக்கட்டும். விற்பனையாளர்களும் சாவியைக் கையில் கொடுப்பதற்கு முன்பு வாங்குபவரை ஒரு நாளேனும் மைதானத்தில் ஓட்டவைத்துப் பார்க்கட்டும். சட்டம் திருந்தக் காலம் ஆகலாம். புதிதாகப் பெரிய வண்டி வாங்குகிற இளைஞர்கள் அதுவரை காத்திராமல், நெடுஞ்சாலைக்குப் போகும் முன் ஒரு காலி மைதானத்துக்குப் போய், எவ்வளவு மெதுவாகத் தம்மால் ஓட்ட முடிகிறது என்பதைத் தாமே சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.