பிடரியைத் திருகினால் காது திறக்குமா?

சென்ற மாதம் ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வருகையில், நம் பங்கைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் என்னை நிறுத்தித் தம் கைப்பேசியில் ஒரு காட்சியைக் காட்டினார். ஒருவர் நோயாளியின் தலையை இரு கைகளாலும் பற்றிச் சட்டென்று திருப்புகிறார். 'டக்' என்றோர் ஓசை. நோயாளி கண்ணீர் மல்கச் சிரிக்கிறார். "கைரோபிராக்டிக்காம், சாரே. எனக்கு ஆறு வருஷமாகப் பிடரி வலி. இடக் காதில் இரைச்சல், அவ்வப்போது சீழும் வரும். இதைச் செய்து பார்க்கலாமா?" என்று கேட்டார்.

அன்பர்களே, விந்தை என்னவென்றால், அந்த மருத்துவ முறை பிறந்ததே ஒரு காதில்தான். 1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் டாவன்போர்ட் நகரில், காந்த சிகிச்சை செய்துவந்த டேனியல் டேவிட் பாமர் என்பவர், ஹார்வி லில்லார்டு என்ற துப்புரவுப் பணியாளரைச் சந்தித்தார். லில்லார்டுக்குப் பதினேழு ஆண்டுகளாகச் செவி மந்தம். முதுகில் விலகியிருந்த முள்ளெலும்பொன்றைத் தாம் தள்ளிச் சரிசெய்ததும் அவருக்குக் கேட்கத் தொடங்கியதாகப் பாமர் எழுதினார். நோய்களில் பெரும்பாலானவை முள்ளெலும்பு விலகுவதால் வருபவையே என்றும் முடிவுகட்டினார். ஆனால் ஒலியைச் சுமக்கும் நரம்பு உட்செவியிலிருந்து மண்டையோட்டுக்குள்ளேயே மூளைக்குச் செல்கிறது. கழுத்துக்கோ முதுகுக்கோ அது இறங்குவதே இல்லை. பாமரின் விளக்கம் உடற்கூற்றோடு பொருந்தவில்லை.

அதற்காகக் கழுத்துக்கும் காதுக்கும் உறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கழுத்தின் இரண்டாம், மூன்றாம் நரம்புகளின் கிளையொன்று காதுமடலுக்கு வருகிறது. ஆதலால் பிடரித் தசை இறுகினால் காது வலிப்பதுபோல் தோன்றும். தாடை மூட்டுக் கோளாறும் அவ்வாறே ஏய்க்கும். இத்தகைய வலிக்குக் கழுத்தைப் பக்குவமாகப் பார்ப்பது பயன் தரக்கூடும்.

நம் மாவட்டத்து ஆசான்மார் சொல்லும் படுவர்மங்கள் 12இல் செவிக்குற்றி, பிடரி என்னும் பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். அடிபட்டால் உயிருக்கே கேடு என்று அவர்கள் எண்ணி வைத்த இடங்கள் அவை. தைலமிட்டு உழிச்சல் செய்யும் நல்ல ஆசான் அங்கே விரலை வைக்கத் தயங்குவார். எனக்கு அந்தத் தயக்கம் பிடித்திருக்கிறது. 'டக்' என்ற ஓசையோ எலும்பு இடத்தில் அமர்ந்த ஓசையன்று. மூட்டு நீரில் உண்டாகும் வாயுக்குமிழின் ஓசை. விரலில் சொடக்கு எடுப்பதும் அதுவே.

அச்சத்திற்குக் காரணம் உண்டு. மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் இரு தமனிகள் கழுத்தெலும்பின் துளைகள் வழியே ஏறுகின்றன. சட்டென்று திருகினால் அவற்றின் உட்சுவர் கிழிந்து, இரத்தம் உறைந்து, பக்கவாதம் வரலாம். அரிதே, ஆயினும் வந்திருக்கிறது. 1993இல் அமெரிக்க மருத்துவர் ஒருவர், அழகு நிலையத்தில் கழுத்தைப் பின்னே சாய்த்துத் தலை கழுவிக்கொண்ட ஐந்து பெண்களுக்கு இவ்வாறு நேர்ந்ததை எழுதினார். முடிதிருத்தகத்தில் தலையைத் திருகச் சொல்லி நானும் இளமையில் சுகங்கண்டவன்தான்.

அம்மையாரிடம் நான் முதலில் கேட்டது சீழைப் பற்றியே. அடிக்கடி சீழ் வருமாயின் செவிப்பறையில் துளை இருக்கலாம். கவனியாது விட்டால் எலும்பை அரித்து மூளை வரை செல்லவும் கூடும். பூண்டு காய்ச்சிய எண்ணெயை அதில் ஊற்றுவது கெடுதல். ஒரே நாளில் திடீரென்று காது கேளாமற்போனால் அன்றே காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டு வாரம் கடந்தால் மருந்தின் பயன் குறைந்துவிடும்.

அவர் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்றார். துளை இருந்தது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். பிடரிக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார்களாம். உயரமான தலையணையையும் விட்டுவிட்டார். வலி பாதி குறைந்திருக்கிறது. இரைச்சல் மட்டும் இரவில் அப்படியே இருப்பதாகச் சென்ற ஞாயிறு சொன்னார்.