லைசென்ஸ் வேண்டாம், பாதை வேண்டும்

தைப்பிங்கில் ஒரு பையனுக்கு 16 வயது ஆனதும் வீட்டில் எழும் முதல் பேச்சு மோட்டார் சைக்கிள்தான். பள்ளி தூரம், அப்பாவுக்கு ஷிப்ட் வேலை, பஸ்ஸை நம்ப முடியாது. ஆகவே பி2 லைசென்ஸ் எடுக்க வைத்து, பழைய மோட்டார் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். சில வீடுகளில் லைசென்ஸ் வரும் வரைகூடக் காத்திருப்பதில்லை. பெண் பிள்ளைக்கோ அந்தப் பேச்சே எழுவதில்லை. “அண்ணன் வந்து ஏத்திக்குவான், இரு” என்பதோடு முடிந்துவிடும். அண்ணனுக்கு வேலை இருந்தால் அன்று டியூஷன் இல்லை, புறப்பாட நடவடிக்கையும் இல்லை.

2023இல் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆண்டுதோறும் இப்படி இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அவர்களில் நம் வயதுக்காரர்கள் எத்தனையோ பேர். ஆபத்தான மோட்டார் ஒரு பக்கம், வீட்டிலேயே காத்திருப்பது இன்னொரு பக்கம். நடுவில் ஒரு வழி இருக்கிறதா என்று பார்க்க எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது.

கமுந்திங் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய் வர என் சித்தப்பா புதிதாக ஒரு மின்சார சைக்கிள் வாங்கியிருந்தார். அவர் விடுப்பில் இருந்த மூன்று நாளும் அதைக் கேட்டு வாங்கி, எங்கள் தாமானிலிருந்து தைப்பிங் நகரத்தில் உள்ள பள்ளிக்கும் மாலை வகுப்புக்கும் அதிலேயே போய் வந்தேன். நான் ஆறாம் படிவ மாணவி. மோட்டார் என்றால் மறுக்கும் அம்மா, “சைக்கிள்தானே, பார்த்துப் போம்மா” என்று விட்டுவிட்டார்.

இதன் செயல்பாடு எளிமையானது. பெடலை மிதித்தால் சக்கரத்தில் உள்ள சிறு மோட்டார் கூடவே தள்ளும். மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். மோட்டாரின் திறன் 250 வாட். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் மோட்டாரின் உதவி தானாக நின்றுவிடும். ஐரோப்பிய நாடுகளும் இதே அளவைத்தான் பின்பற்றுகின்றன. இது நேற்று வந்த விந்தையும் அல்ல. மிதித்தால் மட்டும் உதவும் சைக்கிளை ஜப்பானின் யமாஹா நிறுவனம் 1993இலேயே விற்பனைக்குக் கொண்டு வந்தது.

கமுந்திங்கிலிருந்து நகரம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். சாதாரண சைக்கிளில் அரை மணி நேரம் ஆகும். சீருடை முழுக்க வியர்வையில் நனைந்துவிடும். மின்சார சைக்கிளில் இருபது நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்தேன். புத்தகப் பை கனமாக இருந்தும் ஏற்றத்தில் மூச்சு வாங்கவில்லை. மூன்று நாளும் ஒரே ஒரு முறைதான் சார்ஜ் செய்தேன். அதற்கு ஒரு யூனிட் மின்சாரத்தில் பாதிகூடச் செலவாகவில்லை. மோட்டாருக்கு ஒரு தடவை எண்ணெய் ஊற்றும் காசில் மாதக் கணக்கில் ஓட்டலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சைக்கிளின் எடை 24 கிலோ. மின்தூக்கி இல்லாத அடுக்குமாடியில் மூன்றாம் மாடியில் இருப்பவர் அதைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. கீழே விட்டுவிட்டுப் பேட்டரியை மட்டும் கழற்றி எடுத்துப் போகலாம். ஆனால், சைக்கிள் காலையில் அங்கேயே இருக்குமா என்ற கவலை இருக்கும். விலை இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல். பழைய மோட்டாரின் விலையும் ஏறக்குறைய அதுதான் என்பதால் பல பெற்றோர் மோட்டார் பக்கமே சாய்வார்கள்.

வாங்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இணையத்தில் மின்சார சைக்கிள் என்று விற்கப்படுபவை எல்லாம் சைக்கிள் அல்ல. மிதிக்காமலே, கைப்பிடியைத் திருகினால் ஓடுபவையும் அதே பெயரில் வருகின்றன. மின்ஸ்கூட்டர் போன்ற சிறு வாகனங்கள் பொதுச் சாலையில் ஓடக்கூடாது என்று போக்குவரத்து அமைச்சு 2022 ஏப்ரலில் அறிவித்ததை மறந்துவிடக் கூடாது. சார்ஜரில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இரவு முழுவதும் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள்.

ஆனால், அந்த மூன்று நாளில் என்னை உண்மையில் பயமுறுத்தியது சைக்கிள் அல்ல, சாலை. தீபகற்பத்திலேயே மழை அதிகம் பெய்யும் நகரம் தைப்பிங். ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை. இரண்டாம் நாள் மாலை நல்ல மழையில் வந்தேன். சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மழைக்கோட்டு இருந்ததால் எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால், சைக்கிள்காரர் போக வேண்டிய இடது ஓரத்தில்தான் தண்ணீர் தேங்குகிறது. அந்தத் தண்ணீருக்கு அடியில் குழி இருந்தால் தெரியாது. அதை விட்டு உள்ளே நகர்ந்தால் பின்னால் லாரி வருகிறது. நான் போன வழி முழுவதும் சைக்கிளுக்கென்று ஒரு கோடுகூடக் கிடையாது.

அம்மா அந்தச் சாலையைப் பார்த்திருந்தால் சைக்கிளுக்கும் தடை போட்டிருப்பார். அதனால்தான் சொல்கிறேன்: வண்டி தயாராக இருக்கிறது, பாதைதான் தயாராக இல்லை.

இதை வசதிக்கான கோரிக்கை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் பெண்களுக்குக் கற்பிக்க வழிசெய்தார். பல்லாயிரம் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். பஸ்ஸுக்கும் அண்ணன் தம்பிக்கும் காத்திருக்காமல் வேலைக்கும் சந்தைக்கும் வகுப்புக்கும் போனார்கள். பீகாரில் 2006 முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்க அரசு பணம் கொடுத்தது. அதை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள், மாணவிகளின் சேர்க்கை கூடியதையும், பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம் என்பதையும் கண்டார்கள். எங்கள் தாமானிலிருந்து பள்ளி அதைவிடத் தூரம்.

நம் கதையும் வேறல்ல. தோட்டத்தில் இருந்தவரை பள்ளி, கோயில், கடை எல்லாம் நடக்கும் தூரத்தில் இருந்தன என்று பாட்டி சொல்வார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் தாமான்களுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் வந்த பிறகு எல்லாமே தூரமாகிவிட்டது. அந்தத் தூரத்தைக் கடக்க வண்டி இல்லாத பிள்ளைதான் முதலில் டியூஷனை விடுகிறது, பிறகு விளையாட்டை விடுகிறது, கடைசியில் படிப்பிலும் பின்தங்குகிறது.

தைப்பிங்குக்கு இது முடியாத காரியம் அல்ல. நாட்டின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு, அதாவது இன்றைய கோலா செபெத்தாங்குக்கு ஓடியது. ஈயச் சுரங்கமாக இருந்த பள்ளங்களை ஏரிப் பூங்காவாக மாற்றிய ஊர் இது. 2019இல் பெர்லின் சுற்றுலாக் கண்காட்சியில் நீடித்த சுற்றுலாவுக்கான விருதில், நகரங்கள் பிரிவில் உலக அளவில் மூன்றாம் இடம் பெற்றது. நகரமும் பெரும்பாலும் சமதரை. ஏரிப் பூங்காவில் வார இறுதியில் சைக்கிள் ஓட்டும் சுற்றுப்பயணிகளைப் பார்த்து மகிழ்கிறோம். அதே சைக்கிளில் திங்கட்கிழமை காலை ஒரு மாணவி பள்ளிக்குப் பாதுகாப்பாகப் போக முடிந்தால்தான் அந்த விருது நம்முடையதாகும்.

நான் கேட்பவை மூன்று. கமுந்திங், அவுலோங் போன்ற குடியிருப்புகளிலிருந்து நகரப் பள்ளிகள் வரை, தடுப்போடு கூடிய ஒரு சைக்கிள் தடம். வெள்ளைக் கோடு மட்டும் போட்டால் அதில் கார்கள்தான் நிற்கும். இரண்டாவதாக, பள்ளிகளில் கூரையும் பூட்டுச் சங்கிலி மாட்டும் கம்பியும் உள்ள நிறுத்துமிடம். மூன்றாவதாக, பள்ளிக் கூட்டுறவுக் கழகங்களும் நம் பொது இயக்கங்களும் முன்வந்து, தேவையுள்ள மாணவர்கள் மாதத் தவணையில் சைக்கிள் வாங்க ஓர் ஏற்பாடு. கல்வி உதவிநிதி கொடுக்கும் இயக்கங்கள், பள்ளிக்குப் போகும் வழியும் கல்விச் செலவுதான் என்பதை ஏற்க வேண்டும்.

மாணவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் வீட்டிலிருந்து பள்ளி வரை உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். எந்த இடத்தில் குழி, எந்த இடத்தில் தண்ணீர், எந்தச் சந்திப்பில் லாரி திரும்புகிறது என்று குறித்து, படம் எடுத்து, பள்ளி முதல்வர் வழியாக உங்கள் பகுதி நகராண்மைக் கழக உறுப்பினருக்கு அனுப்புங்கள். 16 வயதில் வாக்குரிமை இல்லை. ஆனால், அந்தச் சாலையில் தினமும் போய் வருபவர்கள் நாம்தான். அதைப் பற்றிப் பேசும் உரிமை நமக்கு உண்டு.