வீடு காலி... உமக்கு மட்டும் தெரியாது!

சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்த முஸ்லிம் இளைஞர் எவரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார். வாசலில் 'டூ லெட்' பலகை தொங்கும். வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு வருவார். பெயரைக் கேட்பார். சொன்னதும், "இப்பத்தாங்க ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனார்" என்பார். மறு வாரமும் அந்தப் பலகை அங்கேயே தொங்கும்!

கசப்பான அனுபவம்தான். ஆனால் நாம் மறுக்கப்பட்டோம் என்பதாவது அதில் தெரிந்தது. இணைய விளம்பரத்தில் அதுவும் தெரியாது. பலகையே நம் கண்ணில் படாது!

எப்படி? இணையத்தில் விளம்பரம் கொடுப்பவர், அதை யார் பார்க்க வேண்டும் என்று குறிப்பது போலவே, யார் பார்க்கக் கூடாது என்றும் குறிக்க முடியும். மற்றதைக் கணினி பார்த்துக் கொள்ளும்.

இது கற்பனை அல்ல. அமெரிக்காவில் நடந்து, நிரூபிக்கப்பட்ட உண்மை.

2016 அக்டோபரில் 'புரோபப்ளிகா' என்ற செய்தி நிறுவனம் ஃபேஸ்புக்கில் ஒரு வீட்டு விளம்பரத்தை வாங்கியது. கறுப்பர், ஆசியர், ஸ்பானிய வம்சாவழியினர் என ஃபேஸ்புக் வகைப்படுத்தியிருந்தவர்கள் பார்க்கக் கூடாது என்று குறித்தது. 15 நிமிடத்தில் அனுமதி கிடைத்தது! வீட்டு விளம்பரத்தில் இனம், மதம் பார்ப்பதை 1968ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கும் நாட்டில்தான் இந்த நிலை.

தவறைத் திருத்துவதாக ஃபேஸ்புக் வாக்களித்தது. 2017 நவம்பரில் அதே நிறுவனத்தின் செய்தியாளர்கள் மீண்டும் சோதித்தார்கள். யூதர்கள் பார்க்கக் கூடாது என்றார்கள், அனுமதி. இஸ்லாத்தில் ஆர்வமுள்ளவர்கள் பார்க்கக் கூடாது என்றார்கள். அதற்கு மட்டும் 22 நிமிடம் பிடித்தது. தயங்கியதோ என்னவோ, கடைசியில் அதற்கும் அனுமதி!

2019 மார்ச்சில் அமெரிக்க வீட்டு வசதித் துறை ஃபேஸ்புக் மீது குற்றம் சாட்டியது. கிறிஸ்தவர் அல்லாதோர், அமெரிக்காவில் பிறவாதோர், குழந்தை உள்ள பெற்றோர் ஆகியோரை விலக்க வழி இருந்தது. வரைபடத்தில் ஒரு பகுதியைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டு, அங்கே வசிப்போரை ஒதுக்கவும் வசதி இருந்தது என்றது. 1930களில் கறுப்பர் வாழும் பகுதிகளுக்கு வரைபடத்தில் சிவப்பு வண்ணம் அடித்து, வீட்டுக் கடன் கிடைக்காமல் செய்த அதே நாட்டில், அதே சிவப்பு!

இதைவிட நுட்பமானது இன்னொன்று. தன் வாடிக்கையாளர் பட்டியலைக் கொடுத்தால், அவர்களைப் போன்றவர்களைக் கணினியே தேடிப் பிடித்து விளம்பரத்தைக் காட்டும். யாரையும் விலக்கு என்று எவரும் சொல்லவில்லை. ஆனாலும் விலக்கப்படுவார்கள். 2022 ஜூனில் அமெரிக்க நீதித் துறையோடு செய்துகொண்ட சமரசத்தில், வீட்டு விளம்பரங்களுக்கு இத்தகைய கருவியை நிறுத்த மெட்டா நிறுவனம் ஒப்புக் கொண்டது. கட்டிய அபராதம் 1,15,054 டாலர். அந்தச் சட்டப்படி விதிக்கக் கூடிய உச்ச அளவே அவ்வளவுதான்!

வியாபாரச் சகோதரர்களே! விலக்குவது எல்லாமே பாவமா? இல்லை. நேற்று பிரிஜ் வாங்கியவருக்கு இன்றும் பிரிஜ் விளம்பரம் காட்டுவது வீண் செலவு. ஆம்பூரில் மட்டும் சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கும் கடைக்காரர், மதுரைக்காரருக்கு விளம்பரம் காட்டத் தேவையில்லை. அது சிக்கனம். ஆனால் இன்ன மதத்தான், இன்ன சாதியான், இன்ன தெருக்காரன் வேண்டாம் என்பது சிக்கனம் அல்ல, தீண்டாமை!

நம் பக்கமும் பார்ப்போம். 'முஸ்லிம்களுக்கு மட்டும்' என்று பலகை தொங்கவிடும் வீட்டுக்காரர்கள் நம்மிலும் இல்லையா? நம் ஜமாஅத்தாரின் பட்டியலை மட்டும் கணினிக்குக் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் ஏன் கடைக்கு வரவில்லை என்று கேட்டால் எப்படி?

திருக்குர்ஆனின் 68வது அத்தியாயம் தோட்டக்காரர்களின் வரலாற்றைச் சொல்கிறது. ஏழைகள் எவரும் உள்ளே வந்துவிடக் கூடாது என்று இரகசியமாகப் பேசிக்கொண்டு, விடியற்காலையில் அறுவடைக்குப் போனார்கள். போய்ப் பார்த்தால் தோட்டமே அழிந்து கிடந்தது! கூச்சலிட்டு அவர்கள் எவரையும் விரட்டவில்லை. தெரியாமல் விலக்கப் பார்த்தார்கள். அதற்கே அந்தத் தண்டனை.

கடைக்குள், உணவகத்துக்குள் நுழைவதை மதத்தின் பெயரால் தடுக்கக் கூடாது என்கிறது நமது அரசியல் சாசனத்தின் 15வது பிரிவு. ஆனால் தனியார் வாடகை வீட்டுக்கு அமெரிக்காவில் உள்ளது போன்ற சட்டம் இந்தியாவில் இல்லை. அப்படியொரு சட்டம் வேண்டும். வீடு, வேலை, கடன் ஆகிய மூன்றின் விளம்பரங்களையும், அவற்றைக் காட்டும் கணினிக் கருவிகளையும் அது கட்டுப்படுத்த வேண்டும்.

இளைஞர்களே! அமெரிக்காவில் இந்த அநீதி எப்படி வெளியே வந்தது? விலக்கப்பட்டவர்களின் புகாரால் அல்ல. அவர்களுக்கு விஷயமே தெரியாது. விளம்பரத்தைக் காசு கொடுத்து வாங்கிச் சோதித்தவர்களால் வெளியே வந்தது. கணினி படித்த பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். அந்தச் சோதனையை இங்கே செய்யப் போவது யார்?