ஆராய்ச்சி நிதியும் நாடாளுமன்றத்தின் கேள்வியும்



அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை மசோதா 2023 ஆகஸ்டில் மக்களவையில் அமளிக்கிடையே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய், அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வரும் என்று அறிவிக்கப்பட்ட, ஆய்வுகளுக்கு நிதி வழங்கும் அமைப்புக்கு அங்கு நடந்த விவாதம் போதவே போதாது. கணக்குகளைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தணிக்கை செய்வார், ஆண்டறிக்கை நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படும் என்று சட்டம் சொல்வது நல்லதுதான். ஆனால் பணம் விதிப்படி செலவானது என்பதால் மட்டும் அது சரியான ஆய்வுக்குப் போனதாகாது. எந்த ஆய்வு ஏன் தேர்வானது, எது ஏன் தள்ளப்பட்டது? ஆய்வுக்கூட வசதி குறைந்த மாநிலப் பல்கலைக்கழகங்கள் கேட்பது இதைத்தான்.

எம்.பி.க்கள் இதில் தலையிட்டால் அறிவியல் அரசியலாகிவிடும் என்ற அச்சம் நியாயமானது. அமெரிக்க செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மயர் 1975 முதல் ‘கோல்டன் ஃப்ளீஸ்’ விருது அறிவித்து, அரசு நிதி பெற்ற ஆய்வுகள் பலவற்றைப் பரிகசித்தார். அதனால் பாதிக்கப்பட்ட விஞ்ஞானி ஒருவர் தொடுத்த வழக்கில், பிராக்ஸ்மயர் செய்திமடல்களில் எழுதியதற்கு அவை உறுப்பினருக்குரிய சட்டப் பாதுகாப்பு பொருந்தாது என்று 1979இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓர் ஆய்வுத் தலைப்பின் பயனை அவையில் உட்கார்ந்து அளக்க முடியாது. தேர்வு நடந்த விதத்தை அளக்க முடியும். மதிப்பீட்டாளரின் பெயரை மறைத்துவிட்டு அவர் சொன்ன காரணத்தை விண்ணப்பதாரருக்குக் கொடுக்கலாம். திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்த நாள், பணம் கைக்கு வந்த நாள், மாநிலவாரியாகப் போன தொகை ஆகியவற்றை ஆண்டறிக்கையில் அச்சிடலாம். இதனால் ஆய்வாளருக்குக் கூடுதல் எழுத்துவேலை எதுவும் இல்லை. விவரங்களெல்லாம் நிதி வழங்கும் அலுவலகத்திலேயே இருக்கின்றன. அவற்றை நாடாளுமன்ற நிலைக்குழு ஆண்டுதோறும் கேட்டு வாங்க வேண்டும்.

— வாசகர், திருச்சி